நகல் இல்ல, புழக்கம்

நாடகத் துறையிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் முனைவர் தேவானை அம்மையார் அவர்களுக்குத் துறையினர் வாசித்தளிக்கும் மடல்

அடுக்குமொழி கேட்டாலே முகம் சுளிக்கும் அருந்தமிழ்ச் செல்வியே! நாடகம் நடத்த நாற்காலி எதற்கென்று வகுப்பறையையே காலி செய்த நல்லாசானே! சட்டம் போட்டு மாட்டப்போகும் மடல் இது. இன்று ஒருநாள் எங்களைப் பொறுத்தருள்க!

நம் துறை ஆசிரியை அன்புச்செல்வியின் பதவி உயர்வுக் கோப்பு மதிப்பீட்டுக் குழுவுக்கு வந்ததை எங்ஙனம் மறப்போம்! ஆற்றங்கரையிலிருந்து புறநகருக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி அவர் எழுதி இயக்கிய வீதி நாடகத்தை, நகல் கண்டறியும் மென்பொருளில் ஏற்றினார்கள். அதுவோ பெரும்பகுதி பிறருடையது என்று சிவப்புக் கோடிட்டுவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை. ‘என் வூடு எங்க கீது’ என்னும் அவருடைய பாட்டை ஊரே பாடி, ஆளுக்கொரு பேரில் இணையத்தில் போட்டிருந்தது. மக்கள் வாயில் ஏறிய பாட்டு, மென்பொருளுக்குத் திருட்டுப் பாட்டாகிவிட்டது! பதவி உயர்வு கிடக்கட்டும், திருடி என்ற பேரல்லவா அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கும்?

குழுவில் அமர்ந்திருந்த தாங்கள் கொதித்தீர்கள். பாராத நாடகத்துக்கு மதிப்பெண் இடமாட்டேன் என்று பிடிவாதமாய் நின்று, குழுவினரை அந்நாடகம் நடந்த பெசன்ட் நகர்க் கடற்கரைக்கே இழுத்துச் சென்றீர்கள். மணலில் அமர்ந்திருந்த கூட்டம், நடிகர் வாய் திறக்குமுன்னே அடுத்த அடியைப் பாடியது. குழுத் தலைவரைத் திரும்பிப் பார்த்துத் தாங்கள் சொன்னது இவ்வளவுதான்:

“பாட்டு ஊருக்குள்ள போயிடுச்சு சார். இதுக்குப் பேரு நகல் இல்ல, புழக்கம்.”

அன்புச்செல்வி உயர்ந்தார். படைப்பை நேரில் காணாதோர் அதனை மதிப்பிடலாகாது என்னும் விதியும் பிறந்தது. இனி இங்கே கூத்துக்குப் பக்க எண் கேட்பாரும் இலர், சிற்பத்துக்கு மேற்கோள் பட்டியல் கேட்பாரும் இலர்!

ஒன்றை மட்டும் எங்களிடம் மறைத்துவிட்டீர்கள். பதவி உயர்வுக்குத் தாமே விண்ணப்பித்தவர் அக்குழுவில் அமர முடியாது. பேராசிரியர் பதவிக்குத் தாங்கள் கொடுத்திருந்த விண்ணப்பத்தை, அங்கே அமர்வதற்காகவே திரும்பப் பெற்றிருக்கிறீர்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பதிவாளரிடம் சொன்னீர்களாம். அதற்குள் ஓய்வு வந்துவிடும் என்று தங்களுக்குத் தெரியாதா? கோபமாகத்தான் இருக்கிறது, அம்மா.

நோய் அணுகாது, நகைப்புக் குறையாது, நெடுநாள் வாழ்க! ஊரெங்கும் ஒத்திகை நடத்தி, தப்பாகப் பாடுவோரைத் திட்டித் தீர்த்து மகிழ்க!

மரியாதைக்காகவேனும் இம்மடலில் ‘பேராசிரியர்’ என்று எழுதலாமே என்றார்கள் சிலர். மறுத்துவிட்டோம். இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெறுகிறீர்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நாங்கள் சொல்வோம்.

தங்கள்
சக்திவேல், தீபிகா, அன்புச்செல்வி
மற்றும் நாடகத் துறையினர்
அடையாறு, சென்னை