நிற்காத எஞ்சின்

ஓடுகிறேன். இடுப்பில் சின்னவள். கைப்பிடியில் பெரியவள். பின்னால் எங்கள் லோரி அலறுகிறது. ஆக்சிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை. உள்ளே ஆளே இல்லை.

"அண்ணி, ரோட்டுப் பக்கம் போங்க! திரும்பாதீங்க!"

கத்தியது கணேசன். என் கணவர் முருகையாவின் தம்பி, சிறுவயதிலிருந்து நான் வளர்த்தவன். திரும்பிப் பார்த்தேன். நீலப் புகை வீட்டை மூடியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மதியம். லாபு ஊரில் பழைய தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்த லோரியில் அண்ணனும் தம்பியும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. பட்டறைக்கு விடமாட்டார்கள். வாசலிலேயே கழற்றுவார்கள், மாட்டுவார்கள். கட்டின பெண்டாட்டியைக்கூட முருகையா அப்படிக் கவனித்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூஜைக்கு எதுவும் குறையாக இருக்கக் கூடாது. அரிசி டப்பா, உப்பு ஜாடி, எல்லாம் தளும்ப வேண்டும். அந்த லோரியில் காற்று வடிகட்டிக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. தூசியைப் பிடிப்பதற்கு. உள்ளே கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. முருகையாவுக்குத் தெரியும். ஆனாலும் விளிம்புவரை ஊற்றினார்.

"சாமி காரியம்லா, கொறையா வைக்கலாமா?" என்றார். நல்ல மனசோடுதான் ஊற்றினார்.

ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக் குடித்தது. அதற்கு டீசலே தேவைப்படவில்லை. சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. இறங்கி டீசல் குழாயை அடைத்தார். நிற்கவில்லை. முதலில் உறுமல். பிறகு ஊளை. பிறகு காதைக் கிழிக்கிற கீச்சு.

கணேசன் பலகையோடு ஓடுகிறான். எஞ்சினுக்குள் காற்று போகும் வாயை அடைக்க.

"விடுடா! லோரி போனா போவுது, கிட்ட போவாத!" முருகையா கத்துகிறார்.

அந்தச் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்கும்? நான் ரோட்டில் நிற்கிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. அவனைப் பிடித்து இழுக்கவும் முடியவில்லை. பெற்ற வயிறு ஒரு பக்கம் இழுத்தது. வளர்த்த பாசம் ஒரு பக்கம் இழுத்தது. நின்றேன்.

ஒரே வெடிச் சத்தம். எஞ்சினின் பக்கம் பிளந்தது. இரும்புத் துண்டு பாய்ந்தது. கணேசனின் நெஞ்சில்.

ஆம்புலன்ஸ் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

பிறகு ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "எட்ட நின்னிருக்கணும்லா. எண்ணெ தீந்தா அதுவே நின்னுரும்," என்றார். எங்களுக்கு அதை யாரும் முன்பே சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் பழைய டீசல் லோரி வைத்திருப்பவர்களே, அது தறிகெட்டால் விட்டுவிட்டு ஓடுங்கள்.

போனது லோரி. அதோடு பிழைப்பு. போனவன் கணேசன். பூஜை முடிந்ததும் அவனுக்குப் பெண் பார்க்க ராசா என்ற ஊருக்குப் போவதாக இருந்தோம். முருகையா இருக்கிறார். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார், வருகிறார். சோறு போட்டால் சாப்பிடுகிறார். அவரை இருப்பவர்களில் சேர்ப்பதா, போனவர்களில் சேர்ப்பதா, எனக்குத் தெரியவில்லை.