கொட்டகைப் பெரட்டு

இரவு பன்னிரண்டு. ஜெலாப்பாங் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போகிற செம்மண் பாதை... ஓர் ஈ காக்கை கிடையாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கதவுப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம். நம்ம கூட்டாளி பத்துமலை இருக்கானே, அவன் சின்னம்மா ராக்காயிக்கு நடந்தது இது. வெள்ளைக்காரன் காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம்.

பாதை முடிகிற இடத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி. அதன் பின்னால், உழைத்து ஓய்ந்த கிழடுகளைப் போட்டு வைக்க ஒரு தகரக் கொட்டகை. ஆறு கட்டில். ஆறாவதில் ராக்காயியின் புருஷன் பிச்சைமுத்து மூச்சிரைப்போடு கிடந்தார். பொழுது சாய்ந்தால் பெண்கள் உள்ளே போகக் கூடாது. ராத்திரியில் பார்த்துக்கொள்கிறவன் சதாசிவம். யாருக்காவது முடியாமல் போனால் வாசல் மணியை அடிக்க வேண்டும், மேட்டு வீட்டிலிருந்து வைத்தியம் பார்க்கிற டிரசர் ஓடி வருவார். அவன் வேலையே அவ்வளவுதான்.

“கவலப்படாதீங்க மதினி. அண்ணனும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்க,” என்றான். நம்பினாள். வெளித் தாழ்வாரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கும் முன்பே பிடித்த மழை தகரத்தைப் பிய்த்தெடுத்தது. உள்ளே யார் கத்தினாலும் கேட்காது. பன்னிரண்டுக்குத்தான் விட்டது. அப்போதுதான் சதாசிவம் வந்தான்... கள் வாடை. உள்ளே காலை வைக்கவில்லை மகராசன். காலைப் பெரட்டில் கங்காணி ஆள் எண்ணுவாரே, அதுபோல வாசலில் நின்றே பேர் பேராகக் கூப்பிட்டான். ஆறாவது பேருக்கும் பதில் வந்தது.

“இருக்கேன்யா.”

பிச்சைமுத்து குரலேதான். மூன்று மணிக்கும் அப்படியே. ராக்காயிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணயர்ந்தாள்.

விடிந்து உள்ளே போனால்... உடம்பு விறைத்துக் கிடந்தது. கண்ணோரம் எறும்பு. பக்கத்துக் கட்டில் ஐயாவு, எழுந்து உட்காரவும் முடியாத மனுஷர், போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்: “விளக்கு வைக்கிறப்பவே போயிட்டாரு தங்கச்சி. சதாசிவம், சதாசிவம்னு தொண்ட கிழியக் கூப்பிட்டாரு. அப்புறம் ராத்திரி அவரு பேருக்கு அவரே பதில் சொன்னாரு பாரு... எனக்கு நாக்கு எழல.”

அவர்தான் பதில் சொன்னாரே, நீங்களும் கேட்டீர்களே என்று கூசாமல் சொன்னான் சதாசிவம். ராக்காயிக்கு அழுகை வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை என்ன சொல்லித் திட்டுவது? செத்த பிறகும் பெரட்டுக்குப் பயந்து பதில் சொன்ன புருஷன்மேலும் கோபம் வந்தது.

அன்றைக்கே புதைத்தார்கள். ராத்திரி லயத்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அதே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு. சதாசிவம் வாசலுக்கு வந்து வாயைத் திறக்குமுன்... காலியாய்க் கிடந்த ஆறாவது கட்டில் கிறீச்சென்றது. அங்கிருந்து பிச்சைமுத்து குரலில் பெரட்டு ஆரம்பித்தது.

“ஐயாவு...”

பதில் இல்லை. அடுத்த பேர்... பதில் இல்லை. ராத்திரியில் எது கூப்பிட்டாலும் மூன்று தடவை கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாதென்று யாருக்குத் தெரியாது? ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

“சதாசிவம்...”

இருபது வருஷம் பெரட்டில் நின்ற வாய், தானாகத் திறந்தது. ராக்காயி பக்கத்தில்தான் நின்றாள். எட்டி அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை.

“இருக்கேன்யா,” என்றான்.

காலையில் டிரசர் வந்து பார்த்தபோது, ஆறு கட்டிலிலும் ஆள் இருந்தது. ஆறாவதில் சதாசிவம், கண்ணோரம் எறும்பு.