பொந்துக்காரிக்குப் பப்பாளி

எல்ஸி: ...அணிலாம்! காம்பைக் கத்தியால அறுக்கிற அணிலா?

லியோனார்ட்: குரங்கா இருக்கும்னுதானே சொன்னேன்...

எல்ஸி: அது நேத்து. முந்தாநேத்து அணில். நாளைக்கு என்ன, யானையா? வாசல் பப்பாளி மரம் மொட்டையா நிக்குதுங்க!

லியோனார்ட்: காலையிலேயே ஆரம்பிக்காத லா. தாப்பா டவுனுக்கு நம்ம டாக்ஸியை எடுக்கணும்.

எல்ஸி: எடுங்க. சீட்டுக்கு அடியில பழத்தோட எடுங்க. நானே பார்த்தேன். யாருக்கு அது?

லியோனார்ட்: அது... வந்து...

எல்ஸி: வாயில என்ன கொழுக்கட்டையா?

லியோனார்ட்: ஒருத்திக்கு.

எல்ஸி: மாதாவே!

லியோனார்ட்: கத்தாத! மனுஷி இல்ல. எங்காங்... அந்தக் கொம்பு மூக்குப் பறவை. பத்தாம் நம்பர் ரப்பர் காட்டுக்குப் பின்னால, மரப்பொந்துல.

எல்ஸி: ...வெள்ளக்காரங்களுக்குக் காட்டுவீங்களே, அதுவா?

லியோனார்ட்: அதேதான். மொதல்ல பூச்சி பிடிக்கிற குரங்குக்குடுவைச் செடி, அப்புறம் அந்தப் பெரிய செவப்புப் பூ, கடைசியா இது. பொட்டை உள்ள போய் வாசலை மண்ணால பூசிக்கும். ஒரு கீறல்தான் இருக்கும். குஞ்சு வளர்ற வரைக்கும் ஆம்பளைதான் பழம் கொண்டாந்து...

எல்ஸி: தெரியும், தெரியும். நூறு தடவை சொல்லியாச்சு.

லியோனார்ட்: அந்த ஆம்பளையத்தான் மூணு வாரமா காணோம்! சனிக்கிழமை ஜெர்மன்காரங்க ஆறு பேரு வர்றாங்க, அவன் ஊட்டுறதைப் பாக்க. நான் ஏணியில நின்னு ஊட்டுறதையா காட்ட?

எல்ஸி: முட்டிவலியோட ஏணி ஏறுறீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு?

லியோனார்ட்: வேற என்ன செய்யச் சொல்ற? உள்ள குஞ்சு கத்துது எல்ஸி. கேட்டுட்டு சும்மா வர முடியல. எல்லாம் அந்தப் படவாவால. பொண்டாட்டியப் பொந்துல விட்டுட்டு ஊர் மேயப் போயிட்டான்!

எல்ஸி: அதைத் திட்டாதீங்க.

லியோனார்ட்: ஏன், உனக்குச் சொந்தக்காரனா?

எல்ஸி: திட்டாதீங்கன்னா விடுங்களேன்!

லியோனார்ட்: சரி லா, சரி... ஆனா ஒண்ணு. நான் அறுத்தது எட்டுப் பழம்தான். மரத்துல பதினேழு தொங்குச்சு. மிச்சம் எங்க?

எல்ஸி: அணிலா இருக்கும்.

லியோனார்ட்: எல்ஸி...

எல்ஸி: டாக்ஸிக்கு நேரமாகலையா?

லியோனார்ட்: அந்த ஏணி. நான் கொண்டு போகல, அங்கேயே கெடந்துச்சு. கோயில் கூட்டுற அகதா அக்கா, மாதா கோயில் ஏணியைக் காணோம்னு தேடிக்கிட்டு இருந்துச்சே...

எல்ஸி: ஆமா. நான்தான் தூக்கிட்டுப் போனேன். மத்தியானம், நீங்க இல்லாதப்ப.

லியோனார்ட்: நீயா? பாம்புக்குப் பயந்து ரப்பர் காட்டுப் பக்கமே போகமாட்டியே! எதுக்கு?

எல்ஸி: ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். மனசு ஆறல.

லியோனார்ட்: என்ன பாவம்? எல்ஸி... அழாத, சொல்லு லா.

எல்ஸி: மூணு வாரத்துக்கு முன்னால, சாம்பல் புதனுக்கு மொத நாளு என் தம்பி சவரி துப்பாக்கியோட வந்தான்ல... காட்டுக்கோழின்னு உரிச்சே கொடுத்தான். கொம்பு மூக்கை நான் அப்புறம்தான் சாக்குல பார்த்தேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுட்டு, கறி கொஞ்சம் கெட்டின்னு சொன்னீங்க.