திறந்து ஓட்ட வேண்டிய கார்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார், பரவாயில்லை. ஓரகடம் ரோட்டில் நாங்கள் கூடும் கடையிலும் இப்படித்தான் போடுவான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் ஞாயிறு காலையில் அங்கே சேர்ந்து, அடுத்தவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்போம். அந்தக் கூட்டத்தில் கார் இல்லாதவன் நான் ஒருவன்தான். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது.

அந்தச் சின்ன இரண்டு சீட்டு கார்கள் பணக்காரனுக்காகச் செய்தவை அல்ல. அந்தக் காலத்துச் சீமையில் ஒரு குமாஸ்தாகூட வாங்கி ஓட்டினான். வேகமும் பெரிதாகக் கிடையாது, நம் படப்பை ஷேர் ஆட்டோவே முந்திவிடும். ஆனால் துணி டாப்பைத் திறந்துவிட்டு, தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டினால் நாற்பதிலேயே பறக்கிற மாதிரி இருக்கும். டாப்பை மூடினால் வெறும் தகர டப்பா.

மண்ணூரில் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில், சாக்குக்கு அடியில் கிடந்த காரைக் கண்டுபிடித்தவன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் குழுவில் சொன்னேன். மறுவாரமே எங்கள் கூட்டத்துப் புருஷோத்தமன் வாங்கிவிட்டான். நிலத்தை மனை போட்டு விற்றவன், அவனுக்கென்ன. ரிப்பேருக்கு மட்டும் நான் வேண்டும். ஷிப்ட் முடிந்து போய் அவன் ஷெட்டில் படுத்துப் புரண்டு அதை ஓட வைத்தேன். ஓடத் தொடங்கியதும் அவன் கேட்டது ஏசி.

"இன்னா ஏசுதாஸ், இந்த வெயில்ல எவனாவது தொறந்துகினு போவானா? ஏசி வச்சி உடு."

வைத்தேன். வயிறு எரிந்தது சார். அவன் அதை ஓட்டுவதுகூட இல்லை. சாயங்காலம் ஷெட்டிலேயே டாப்பை மூடி, ஏசி போட்டு, உள்ளே உட்கார்ந்து போன் பேசுவான்.

அதனால் சனிக்கிழமை ராத்திரி சைலன்சர் குழாயின் ஒரு மூட்டைத் தளர்த்தினேன். காலடித் தகரத்தில் ஓட்டையை மூடியிருந்த ரப்பர் அடைப்பையும் எடுத்தேன். டாப்பைத் திறந்து ஓட்டுகிறவரை அது வழியாக உள்ளே வரும் புகை ஒன்றும் செய்யாது, காற்றோடு போய்விடும். மூடிக்கொண்டு உட்காருகிறவனுக்குத்தான் தூக்கம் வரும். காரை மதிக்கிறவருக்கு ஆபத்தில்லை, நியாயமாகத்தான் யோசித்தேன். வேலை முடிந்ததும் அந்த மூட்டின் போல்ட்டில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். சரிபார்த்த போல்ட்டுக்கெல்லாம் கம்பெனியில் நாங்கள் போடுகிற கோடு. கை தானாகப் போட்டுவிட்டது. அதை வைத்துத்தானே என்னிடம் வந்தீர்கள்.

அந்த வீட்டில் காரின் அருமை தெரிந்தவள் அவன் மனைவி கலைமணி ஒருத்திதான். மூஞ்சியில் காற்று அடித்தால் எல்லாம் மறந்துபோகிறது என்பாள். அப்படி என்ன மறக்க வேண்டியிருந்ததோ, நான் கேட்டதில்லை. ஞாயிறு மதியம் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் டாப்பைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். மழை வந்ததும் புருஷனைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, மழை ஊத்துது. டாப்ப மூடிக்கினு உள்ளயே குந்திக்கவா, இல்ல எறங்கி டீக்கடையாண்ட ஓடிடவா?"

"உள்ளயே இரும்மா. டாப்பு பழசு, ஓரத்துல ஒழுகும். துண்டால தொடச்சிக்கினே இரு. இன்ஜின ஆஃப் பண்ணிடாத, ஈரத்துல மறுபடி ஸ்டார்ட் ஆவாது."

அந்த மூட்டு எனக்கு அப்போது ஞாபகம் இருந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இருந்தது சார். போனை வைத்த பிறகும் இருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தங்கையாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்த சீட்டு ஒரிஜினல் லெதர். ஒரு முறை ஊறினால் வெடித்துவிடும், இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. இறங்கி ஓடு என்று எப்படிச் சொல்வது?

கதவைத் திறந்தபோது துண்டு அவள் கையிலேயே இருந்தது என்றீர்கள். சொன்னபடி கேட்டிருக்கிறாள், பாவம். சீட்டு நனையவில்லையே சார்?