மருமக கையில ஊசி

ஹலோ... ஆமா, நான்தான். உங்கப்பன்தான். சத்தமாப் பேசு, டுகுயூவுல மழை, தகரக் கூரை... நிக்கிறேன், கொரோனா ஊசி வரிசையிலதான் நிக்கிறேன். இந்தக் காலத்துல பெரியவன் வந்தா ஷிகாமூன்னு ஒரு மரியாதை சொல்ல ஒருத்தனுக்கும் தெரியல, துசெகிலே. வாசல்ல ஒரு பய, பேச்சும் இல்ல மூச்சும் இல்ல, நேரா நெத்தியில துப்பாக்கியை வெச்சான்...

காய்ச்சல் பாக்குற துப்பாக்கிதான், தெரியும். அதுக்காக வாய் செத்துப் போகுமா?

...

ஆமா. ஆமா. மாஸ்க் போட்டிருக்கேன். கஞ்சியே இறங்காத தொண்டை, அதுக்கு மேல ஒரு துணி.

... சீட்டைக் காட்டினேன். தொண்டையில புத்துன்னு படிச்சதும் முன்னால போங்கன்னுட்டாங்க. சத்தமா. மொத்த வரிசையும் ஒதுங்குச்சு, பொணத்துக்கு வழி விடுற மாதிரி.

... அசஜிலே பேச்சை எடுக்காதேன்னா எப்படி? தாரெஸ்ஸலாம் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரன். ஒரே சீக்கு, புத்தைக் கருக்க ஒரே கரண்டு வைத்தியம். இந்த ஊசி போட்டான், ஒன்பதாம் நாள் போயிட்டான்... புத்துலதான் போனான்னு நீ சொல்ற. டாக்டரும் சொல்றாரு. அவனைக் கேட்டீங்களா?

... அது தப்புதான். ஒத்துக்கிறேன். ஊரே தைல மர இலை போட்டுப் போர்வைக்குள்ள ஆவி பிடிச்சுது, நானும் பிடிச்சேன். கரண்டு வெச்ச இடத்துல தோல் உரிஞ்சு போச்சு. வலிக்கல. இப்பவும் கழுத்தைத் தொட்டாத் தெரியல...

இல்லம்மா, அழல. பயமும் இல்ல. ஒண்ணுமே தோணல, அதான் நெசம்.

... மாப்பிள்ளை சொல்றது சரி. பச்சைப் புள்ள இருக்குற வீடு. பஸ்ஸுல ஊர்ப்பட்டவன் மூச்சையெல்லாம் வாங்கிட்டு வந்து அங்க நான் படுக்கக் கூடாது. ஊசி போட்டாத்தான் உள்ள விடுவாரு. உன் வீட்டை விட்டா தாரெஸ்ஸலாம்ல எனக்கு யாரு இருக்கா? இன்னும் பத்து கரண்டு அங்க பாக்கி. தெரியும்மா. அதான வந்து நிக்கிறேன்.

இரு. கூப்பிடுறாங்க. வெச்சிராத...

...

ம். இருக்கியா? சட்டைக் கையை மடிச்சு உக்காந்தேன். ஊசிக்காரப் பொண்ணு சீட்டைப் பாத்து என் பேரைப் படிச்சா. பாதிதான் படிச்சா. மீதி வாய்க்குள்ளயே நின்னுபோச்சு. ஊசியைக் கீழ வெச்சுட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா.

... யாரா? அடுபெலே. உன் தம்பி லுசாஜோ பொண்டாட்டி. மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணு, அதுல நான் என்னத்தைக் கண்டேன்? அவ மாத்தலாகி இங்க வந்ததை எவனாவது சொன்னீங்களா?

சிரிக்காத. மாமனாரை மருமக கண்ணால பாக்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது. உங்கம்மா எங்கப்பன் சாகுற வரைக்கும் வாழைத்தோட்டத்தைச் சுத்தித்தான் தண்ணிக்குப் போனா. இப்ப நீங்க எல்லாரும் தள்ளி நில்லு, தள்ளி நில்லுங்கிறீங்களே, அது எங்களுக்குப் புதுசில்ல.

... சுவரைப் பாத்துக்கிட்டே காவக்காரன்கிட்ட சொல்றா. மத்தியானம் ஆம்பளை நர்ஸ் வருவாராம், அவரு போடுவாராம், பெரியவரை உக்காரச் சொல்லுங்கன்னு. நல்ல பொண்ணு. லுசாஜோவுக்கு அதிகம்தான்.

இல்ல. உக்காரல.

... ஏன்னா, முறை ஒரு பக்கம் கிடக்கட்டும். எவன் கையால போட்டாலும் உள்ள போறது அதே மருந்துதான. அசஜிலேக்குப் போனது.

... சாவேன். போட்டா மட்டும் சாகமாட்டேனா?... கத்தாத. புள்ள முழிச்சுக்கும்.

...

வெளிய வந்துட்டேன். நனையுறேன், ஆமா... பின்னாலயா? வர்றா. குடையைச் சாய்ச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வர்றா. நான் நின்னா நிக்கிறா. நடந்தா நடக்குறா. கூப்பிட வாய் திறக்க முடியாதே அவளால.

... மாட்டேன். நான் திரும்பினா அவ ஓடணும். சேத்துல வழுக்கும்.

... மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, நான் கோவிச்சுக்கல. புள்ளையைப் போட்டோ எடுத்து அனுப்பு.

... இல்ல துசெகிலே. நீ எவ்வளவு சொன்னாலும் அந்த ஊசி மேல நம்பிக்கை வரல. வீட்டுக்கு மேட்டுல ஏறணும், மூச்சு வாங்குது. வெச்சிர்றேன்.