ஸ்பானிஷ் துணைப்பாடம்

"பையன் ஸ்பானிஷும் கூடவே படிக்கறானுங்க" என்று முன் சீட்டில் யாரோ சொன்னதும் நான் பத்திரிகையை மடித்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ். பேசியவர் பையனின் தகப்பனார், பக்கத்தில் பெண்ணின் தகப்பனார். இருவரும் விவசாயிகள் என்று பேச்சில் தெரிந்தது. நிச்சயத்துக்கு உப்பும் சர்க்கரையும் மாற்ற நாள் குறித்திருந்தார்கள். பையன் கப்பலேறிப் போய் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, பையனை அவங்க வேதத்துல சேத்துருவாங்களோ?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"அட, அதெல்லாம் இல்லீங்க. தினமும் ஜெபத்துக்குப் போய் உக்காரோணுமாம். உக்காந்து தூங்கறேன்னு எழுதியிருக்கறான். முக்கியப் பாடம் விவசாயமுங்க. ஸ்பானிஷ் துணைப்பாடம்."

"வெள்ளாமைக்கு அது எதுக்குங்க?"

"அந்தக் காலேஜ் நடத்தற சபைக்குத் தென் அமெரிக்காவுல பண்ணை இருக்குதாமுங்க. படிச்சு முடிச்சா அங்க வேலை. அங்கத்துப் பாஷை அதுதானுங்க."

பெண்ணின் தகப்பனார் அவர் பக்கம் திரும்பினார்.

"சாமி மாறினாக்கூட ஊருக்கு வருவாருன்னு இருந்தனுங்க. பாஷை படிக்கறது அங்கயே இருக்கறதுக்குத்தானுங்களே."

பையனின் தகப்பனார் காலடியில் இருந்த துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "உங்க புள்ளைக்குன்னு அனுப்பியிருக்கறானுங்க. ஸ்பானிஷ் முதல் பாடம். இங்கிலீஷ்ல அர்த்தம் போட்டிருக்குதாம்."

பெண்ணின் தகப்பனார் நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு குனிந்து, புத்தகத்தை அதே துணிப்பைக்குள் வைத்தார்.

"இதை எங்க ஊட்டுக்குக் கொண்டாந்துராதீங்க. புள்ளை எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க. கண்ணுல பட்டா ஒரே மாசத்துல படிச்சுருவா."