இடது பக்கக் கதவு

இல்லீங்கம்மா, மயக்கம் எல்லாம் இல்லை. பஸ்ஸுக் கம்பியை இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கறதைப் பாத்துக் கேக்கறீங்களா? பயத்துலதாங்க. சன்னலோரம் நீங்களே உக்காருங்க, பரவால்லீங்க. நீங்க போன்ல தமிழ் பேசறதைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சே வந்துச்சு. என் பேரு தாரிணிங்க, ஈரோட்டுப் பக்கம். கல்யாணமாகி இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தது. எங்கூட்டுக்காரர் கம்பெனி வேலையா புனே போயிருக்காரு. நீங்க உப்பல் வரைக்குமா? நான் ஹப்சிகுடால எறங்கணும்.

எதுக்குப் பயம்னா... சொன்னாச் சிரிப்பீங்க. ஆபீஸ்ல நான் போட்ட ஒரு பக்கால பெரிய சண்டையாயிருச்சுங்க. பக்னா, கம்ப்யூட்டர்ல நடக்கற தப்பு, அதைக் கண்டு எழுதி அனுப்பறதைப் பக் போடறதும்பாங்க. பேகம்பேட்ல ஒரு கம்பெனி, வெளிநாட்டுக்காரங்களுக்கு வீடியோ கேம் செஞ்சு குடுக்கறாங்க. அதை விளையாடிப் பாத்துத் தப்புக் கண்டுபுடிக்கறது என் வேலை. ஆமாங்க, சம்பளம் குடுத்துத்தான் விளையாடச் சொல்றாங்க. எங்க மாமியாரும் இதையேதான் கேட்டாங்க, இதுக்கா இன்ஜினியரிங் படிச்சேன்னு. விளையாட்டுன்னு பேருதானுங்க. ஒரே கதவை நாள் பூராத் தொறந்து தொறந்து மூடணும். ஒவ்வொரு செவுத்துலயும் போயி முட்டிப் பாக்கணும். அலுத்துப்போயிரும்.

இப்பச் செய்யறது ஒரு பழைய இங்கிலீஷ் படத்தை வெச்சுச் செய்யற கேம். எண்பத்தொண்ணுல வந்த படமாம், அதுக்கு இன்னிக்கும் அங்க ரசிகர் மன்றம் இருக்குதாம். ஒரு பெரிய சரக்குக் கப்பல், கடல்ல இல்லீங்க, ஆகாசத்துல. மத்தவங்க எல்லாம் தூங்கறாங்க, ஒரு பொம்பளை மட்டும் முழிச்சிருந்து மிசினு ரிப்பேர் பண்ணிட்டிருக்கறா. அவளுக்கு முன்னாடி நடுவுல ஒரு பச்சை விளக்கு. அதுல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தா மிசினு நின்னு போயிரும். அந்த நேரம் பாத்து இடது பக்கக் கதவு வழியா ஒண்ணு வருது. மூஞ்சி கிடையாது அதுக்கு. ஓடாது, குதிக்காது, மெதுவ்வா நடந்து வரும். கொட்டாயில உக்காந்திருக்கற எல்லாருக்கும் அது வர்றது தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அதுதான் அந்தப் படத்தோட பேரைக் காப்பாத்துன சீனு. கேம்லயும் அது அச்சு அசலா வரோணும்னு கிளையண்ட் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க.

ஹவ்வா? ஆமாங்கறதுக்கு உங்க வாயில இந்த ஊரு ஹவ் வந்துருதுங்க. முப்பது வருசம் இங்கயே இருந்தா அப்படித்தான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், அந்தச் சீனு. நான் விளையாடறப்ப அது நடந்து வர்றதே இல்லீங்கம்மா. பச்சை விளக்கைப் பாத்துட்டே இருப்பேன், கதவுப் பக்கம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு நடுத் திரையில மொளைச்சு நிக்கும். மொதத் தடவை நாற்காலியோட பின்னால சாஞ்சு விழப் பாத்தேன். சரி, இது தப்பாச்சேன்னு பக் போட்டேன், உருவம் கதவு வழியா வரலை, நடுவுல திடீர்னு வருதுன்னு. அந்தச் சீனைச் செஞ்சவரு கிருஷ்ணான்னு ஒருத்தர், விஜயவாடாக்காரர். என் மிசின்ல நல்லாத்தான் வருதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. நான் மறுபடி போட்டேன். அவரு மறுபடி திருப்பி அனுப்புனாரு. எங்க ஆபீஸ்ல என்ன வழக்கம்னா, இப்படி இழுபறி ஆச்சுன்னா பக் போட்டவங்க செஞ்சவர் முன்னாடி உக்காந்து அந்தத் தப்பை நடத்திக் காட்டணும். காட்டிட்டா அவரு சரி பண்ணணும், காட்ட முடியலைன்னா நாம வாபஸ் வாங்கணும்.

அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு விளையாடுனேன். அந்த மனுசன், தாரிணிகாரு, அதிகோ வஸ்தோந்தி கதா, வஸ்தோந்தி கதாங்கறாரு. அதோ வருதில்லங்கறாரு. எங்கீங்க வருதுன்னு நான் கேக்கறதுக்குள்ள அது நடுவுல நிக்குது. ஆளு என்னைக் கேலி பண்றாருன்னு நெனச்சுட்டேன். நல்லா வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன். செஞ்ச தப்பை ஒத்துக்கறதுக்கு உங்களுக்கு என்ன கேடுன்னு கூடக் கேட்டேன். பாவங்க அவரு. என்னையவே ஒரு மாதிரியாப் பாத்தாரு.

நாளைக்கு கேம் கிளையண்டுக்குப் போகுதுங்க. அதுனால இன்னிக்குக் காலையில தேஜஸ்வினி மேடம், எங்க டீமுக்குத் தலைவி, கூப்புட்டு, ஒண்ணு நிரூபி, இல்லைன்னா வாபஸ் வாங்குன்னுட்டாங்க. வாபஸ் வாங்குனா என் மானம் போச்சு. இனிமே நான் என்ன பக் போட்டாலும் எவனும் மதிக்க மாட்டான். வீராப்பா சொல்லிட்டேன், சாயந்தரத்துக்குள்ள நிரூபிச்சுக் காட்டறேன்னு.

எப்படியா? அந்தப் படத்தை வெச்சு இதுக்கு முன்னாடியே ரெண்டு கேம் வந்திருக்குதுங்க. ஒண்ணு அந்தக் காலத்துல டேப் கேசட்ல வந்தது. பொம்பளை ஒரு புள்ளி, அந்த உருவம் ஒரு பச்சைச் சதுரம், அவ்வளவுதான் படம். இன்னொண்ணு பத்து வருசம் கழிச்சு வந்தது. அதுல அந்தப் பொம்பளை கையில துப்பாக்கியக் குடுத்து அந்த உருவத்தைச் சுட வெச்சுட்டாங்க, ரசிகருங்க காறித் துப்பிட்டாங்களாம். ரெண்டும் எங்க ஆபீஸ்ல இருக்குது, பாத்துச் செய்யறதுக்காக. அதுல கதவு வழியா நடந்து வர்றதைக் காட்டி, பாருங்கடா, இப்படி வரோணும்னு கிருஷ்ணா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்னு தனியா மீட்டிங் ரூமுக்கு எடுத்துட்டுப் போனேன்.

கேசட் கேமைப் போட்டேன். பச்சைச் சதுரம் நடுவுல திடீர்னு மொளைக்குதுங்க.

துப்பாக்கி கேமைப் போட்டேன், அதுலயும் அதே கதைதான். அப்பக் கூட எனக்கு ஒறைக்கலீங்கம்மா. சந்தோசம்தான் பட்டேன். ஓ, தப்பு ஆதியிலயே இருந்திருக்குது, அதையவே அடுத்தவன் காப்பியடிச்சான், அதையவே கிருஷ்ணாவும் காப்பியடிச்சிருக்கறாருன்னு. யாரும் கண்டுபுடிக்காததை நான் கண்டுபுடிச்சுட்டேன்னு ஒரு பெருமை வேற. எழுதி வேற வெச்சேன். தப்புக் கண்டுபுடிச்சே பழகுனவளுக்குப் புத்தி அப்படித்தான் போகும்போல.

தார்நாகா வந்துருச்சா? கூட்டம் ஏறுது, இப்படி நெருங்கி உக்காந்துக்கங்க. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுக்கறீங்களா, வாயெல்லாம் வறண்டு போச்சு.

அப்பறம் படத்தோட டிவிடியப் போட்டேனுங்க.

பொம்பளை மிசின் முன்னாடி உக்காந்திருக்கறா. பச்சை விளக்கு எரியுது. நானும் அதையவே பாத்துட்டிருக்கறேன். கதவுப் பக்கம் ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லை. அப்பறம் திடீர்னு அவ பக்கத்துல நிக்குது. கேம்ல தப்பு வரலாம். அத்தனை வருசம் முன்னாடி எடுத்த படத்துல எப்படிங்க வரும்? எடுத்தது எடுத்ததுதானே. பின்னாடி ஓட்டி, அது வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால நிறுத்திட்டு, தலையத் திருப்பி அந்தக் கதவைப் பாத்தேன். அங்க நின்னுட்டிருந்துச்சுங்க. மறுபடி விளக்கைப் பாத்தேன், அது இல்லை. கதவைப் பாத்தேன், இருக்குது.

ஒரு கண்ணைப் பொத்திப் பாத்தேன், மறு கண்ணைப் பொத்திப் பாத்தேன். ரெண்டுலயும் இடது பாதி இல்லீங்கம்மா. இருட்டா இருந்தாலாச்சும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இருட்டா இல்லை, அந்தப் பக்கம் உலகமே இல்லாத மாதிரி இருக்குது, இல்லைங்கறதே தெரியாம இருக்குது. இப்பத்தான் ஒவ்வொண்ணா நெனப்பு வருது. தோள்பட்டையக் கதவு நிலையில இடிச்சுக்கிட்டே இருந்தேன். தட்டுல இடது பக்கம் பொரியல் மிஞ்சி இருக்கும், எங்கூட்டுக்காரர் என்ன புடிக்கலியாம்பாரு.

அழலீங்க. அழுதா வேற என்னவோ ஆயிருமோன்னு அதுக்கும் பயமா இருக்குது. ஹப்சிகுடாவுல ஒரு கண் டாக்டருக்குப் போன் பண்ணுனேன். ரெண்டு கண்லயும் ஒரே பக்கம்னா கண்ணு மட்டும் பாத்தாப் பத்தாதும்மா, தலையிலயும் ஸ்கேன் எடுக்கணும், இப்பவே கெளம்பி வாங்க, வண்டி ஓட்டாதீங்க, கூட யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஸ்கூட்டிய ஆபீஸ்லயே விட்டுட்டேன். புனே போனவரு போன் எடுக்கலை. பக்கை வாபஸ் வாங்கிட்டுத்தான் கெளம்புனேன், மேடம் என்ன காரணம்னு கேட்டதுக்கு என் தப்புன்னு மட்டும் சொன்னேன்.

அடுத்தது ஹப்சிகுடாங்களா? ஏனுங்கம்மா, உங்களுக்கு ரொம்ப அவசரம் இல்லைன்னா எங்கூட எறங்கறீங்களா? அடுத்த பஸ்ஸு உடனே வந்துரும். டாக்டர் வரைக்கும் எல்லாம் வேண்டாங்க. ஆஸ்பத்திரி எதுத்தாப்புல இருக்குது, ரோட்டை மட்டும் தாண்டி விட்டுருங்க. நடுத் திண்டு வரைக்கும் வண்டியெல்லாம் வலது பக்கம் இருந்துதான் வரும், அதுவரைக்கும் நானே வந்துருவேன். அதுக்கப்பறம் கையப் புடிச்சுக்கங்க.